இதய நோயாளிகளின் ஊரில் நடனம்

ஹங்கேரியில் இதயத்தில் கோளாறு என்றால் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் ஊர் ஒன்று உண்டு. ஹங்கேரியர்கள் பட்டுடையும் வெள்ளைக் கையுறையுமாக நடனமாடப் போகிற ஊரும் அதுவேதான். பாலடோன் ஏரியின் வடகரையில் இருக்கும் பாலடோன்ஃப்யூரெட். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ஃப்யூரெட் என்பார்கள். கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் வெஸ்ப்ரேமில் குடியிருப்பதால் எனக்கு இது பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். அங்கே திருவிழா இல்லாத மாதத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊரின் நடுவில் பிளேன் மரங்கள் நிழல் தரும் ஒரு சதுக்கம். ஒரு பக்கம் அரசு இதயநோய் மருத்துவமனை. மறுபக்கம் வருடந்தோறும் நடனவிழா நடக்கும் அன்னா கிராண்ட் ஹோட்டல். நடுவே, தூண்கள் தாங்கும் சிறு மண்டபத்தின் கீழ் கோஷுத் ஊற்று. குழாயைத் திறந்து யார் வேண்டுமானாலும் குடிக்கலாம், காசு கிடையாது. இயற்கையிலேயே வாயு நிறைந்த, இரும்புச் சத்துள்ள நீர். துருப்பிடித்த ஆணியைச் சோடாவில் ஊறவைத்தால் என்ன ருசி வருமோ அந்த ருசி. கோடையில் வந்திருந்த என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடித்தால் நோய் போகுமா, வருமா?" என்று கேட்டார். ஆனால் எங்களுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன்களோடு ஒரு வரிசையே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவரும் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நிரப்பிக்கொண்டார்.

இந்தக் குழாயடியில் நின்று யோசித்தபோதுதான் இந்த ஊரின் திருவிழாக்களுக்கு மூலகாரணம் சலிப்பு என்று எனக்குப் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சிகிச்சைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். காலையில் நீர் குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், உலாவ வேண்டும், மறுபடி நீர் குடிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்வது? கையில் பணமும் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகளும் இருந்த பிரபுக்கள் இவர்கள். பாட்டுக் கச்சேரி வந்தது. 1831இல் கவிஞர் ஷாண்டோர் கிஷ்ஃபலுதியின் முயற்சியில் ஹங்கேரிய மொழி நாடகங்களுக்கென்றே ஒரு நாடகக் கொட்டகை எழுந்தது. அரசு அலுவல்களில் லத்தீனும் மேல்தட்டு வீடுகளில் ஜெர்மனும் கோலோச்சிய காலம் அது. நீர் குடிக்கக் கூடிய கூட்டம் சொந்த மொழியில் நாடகம் பார்த்து, அரசியலும் பேசிவிட்டுத்தான் ஊர் திரும்பியது. ஏரியின் முதல் நீராவிக் கப்பலுக்கு 1846இல் அந்தக் கவிஞரின் பெயரையே வைத்தார்கள்.

நாடகத்துக்கும் முந்தையது நடனம். 1825 ஜூலை 26, புனித அன்னாளின் திருநாள். சதுக்கத்தில் மாளிகை வைத்திருந்த ஹோர்வாத் குடும்பம், மகள் அன்னா கிறிஸ்டினாவின் பெயரால் ஒரு நடனவிழா நடத்தியது. அங்கே அவளோடு ஆடிய கிஷ் எர்னோ என்ற இளம் ராணுவ அதிகாரியே பிறகு அவளை மணந்துகொண்டார். இதுவரைக்கும் கதை இனிப்பானது. 1848இல் ஹங்கேரி ஆஸ்திரியாவை எதிர்த்து எழுந்தபோது அவர் புரட்சிப் படையின் தளபதிகளில் ஒருவரானார். 1849 அக்டோபர் 6 அன்று ஆராத் நகரில் மரணதண்டனை பெற்ற பதின்மூன்று தளபதிகளில் அவரும் ஒருவர். அந்தத் தண்டனையைக் கொண்டாடி ஆஸ்திரியர்கள் பீர்க் குவளைகளை மோதிக்கொண்டார்களாம். அதனால் ஹங்கேரியர்கள் பீர்க் குவளையை மோத மாட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. வரலாறா கட்டுக்கதையா என்று வாதிடுகிறவர்களே கூட, என் முன்னால் குவளையை மோதாமல்தான் குடிக்கிறார்கள்.

2025இல் அந்த முதல் நடனத்துக்கு இருநூறு ஆண்டு நிறைந்தது. நடனவிழா இன்றும் அன்னாள் திருநாளை ஒட்டியே வருகிறது. டிக்கெட் விலை எங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒத்துவராது என்பதால் உள்ளே நடப்பதைக் கேள்வி ஞானத்தில்தான் சொல்கிறேன். ஆண்கள் தங்கள் கையிலுள்ள சிறு இதயச் சின்னத்தைத் தங்களுக்குப் பிடித்த பெண்ணுக்குக் கொடுப்பார்கள். அதிக இதயம் சேர்த்தவர்களுக்கே நடன அரசி ஆகும் வாய்ப்பு. பரிசு ஹெரெண்ட் பீங்கான் ஜாடி. ஹெரெண்ட் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். அந்தக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று விலைச்சீட்டைப் படித்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன்.

மண்டபத்துக்குள் ஆடுவதைவிட மறுநாள் வீதியில் நடப்பதே பார்க்க வேண்டிய காட்சி என்பது என் கட்சி. அரசியும் அவருடைய தோழியர் இருவரும் குதிரை வண்டியில் ஊர்வலம் வருவார்கள். விடிய விடிய ஆடிய களைப்பு கண்ணில் தெரியும், ஆனால் கை ஆட்டுவதை நிறுத்த மாட்டார்கள். சுற்றிலும் நீச்சலுடைக்கு மேல் துண்டைப் போர்த்தியவர்கள், கையில் லாங்கோஷோடு குழந்தைகள். எண்ணெயில் பொரித்த மாவின் மேல் பூண்டு, புளித்த பாலேடு, சீஸ் எல்லாம் போட்டுத் தருவதுதான் லாங்கோஷ். இதயநோய் மருத்துவமனைக்கு இவ்வளவு பக்கத்தில் அதை விற்க எப்படி அனுமதித்தார்களோ! என் மாமியார் வண்டியைப் பார்க்கவில்லை, குதிரைகளைத்தான் பார்த்தார். "நன்றாகத் தீனி போட்டிருக்கிறார்கள்" என்பது அவருடைய தீர்ப்பு.

ஆகஸ்டில் ஏரிக்கரை உலாச்சாலை முழுவதும் ஒயின் கடைகள். சில வாரங்கள் நடக்கும் இந்த விழாவில் சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டக்காரர்களே நின்று ஊற்றித் தருகிறார்கள். வெள்ளை ஒயினில் சோடா கலந்தது ஃப்ரொச். ஒயினும் சோடாவும் எந்த விகிதம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். நான் குடிப்பதில்லை. என் பங்கைக் கணவர் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார். எனக்கு அங்கே பிடித்தது, எதிரே ஏரிமேல் மேகம் திரளும்போது கரையெங்கும் கண்சிமிட்டத் தொடங்கும் புயல் எச்சரிக்கை விளக்குகள். நிமிடத்துக்கு 45 முறை மினுக்கினால் ஜாக்கிரதை, 90 முறை என்றால் நீரை விட்டு வெளியே வா என்று அர்த்தம். சராசரியாக மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழமுள்ள ஏரி என்பதால் காற்று வந்தால் சட்டென்று கொந்தளித்துவிடும். வேகமான மினுக்கலைக் கண்டதும் படகுக்காரர்கள் பாய் மடித்துக் கரைக்கு விரைவார்கள். ஒயின் வரிசை மட்டும் ஓர் அங்குலம் நகராது.

இந்த உலாச்சாலையின் பெயர் தாகூர் உலாச்சாலை. ஐரோப்பியப் பயணத்தில் உடல்நலம் குன்றிய ரவீந்திரநாத் தாகூர் 1926 நவம்பரில் இங்கே இதய சிகிச்சைக்கு வந்தார். குணமான நன்றிக்கு ஏரிக்கரையில் ஒரு லிண்டன் மரம் நட்டார். அவர் தங்கிய அறையை மருத்துவமனையில் நினைவாகப் பாதுகாக்கிறார்கள். அவருக்குப் பிறகு வந்த பிரமுகர்களும் மரம் நடுவது வழக்கமாகி, இந்திரா காந்தி உட்படப் பலர் நட்ட மரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பெரிய மனிதர்கள் வருகிற ஊர்களில் கல்வெட்டுதான் மிஞ்சும். இங்கே நிழல் மிஞ்சியிருக்கிறது, அதுவும் ஆகஸ்ட் வெயிலில். தாகூர் வந்த நவம்பரில் ஊரில் விழா என்றால் மார்ட்டின் திருநாள்தான். பதினொன்றாம் தேதியை ஒட்டி எல்லா உணவகங்களிலும் வாத்துக்கறியும் புது ஒயினும். அன்றைக்கு வாத்து சாப்பிடாதவர் வருடம் முழுக்கப் பசித்திருப்பார் என்பது இங்கத்து நம்பிக்கை. சைவம் சாப்பிடும் என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஊர்ப்பட்ட பயம். சிவப்பு முட்டைக்கோஸை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுக் கணக்கை நேர் செய்துகொள்கிறார்.

டிசம்பரில் கடைகள் மறுபடி சதுக்கத்துக்கே வந்துவிடும். கிறிஸ்துமஸ் சந்தை எல்லா ஊரிலும் இருப்பதுதான்: கிராம்பு மணக்கும் சூடான ஒயின், கரியடுப்பில் உருளையில் சுற்றிச் சுட்ட கியூர்தோஷ்கலாச் என்னும் இனிப்பு ரொட்டி, மர பொம்மைகள். ஃப்யூரெட்டில் கூடுதலாக உள்ளது பார்வையாளர்கள். கம்பளி அங்கிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு மருத்துவமனையிலிருந்து வருகிற நோயாளிகள் பாட்டுக் கேட்டு நிற்பார்கள். ஒரு முறை அப்படி நின்ற முதியவர் ஒருவர் சூடான ஒயின் கேட்டார். கடைக்காரப் பெண் அவருடைய மணிக்கட்டில் கட்டியிருந்த மருத்துவமனைப் பட்டையைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதற்கு ஒயின் விலையையே கொடுத்துவிட்டு, குவளையைத் தூக்கி அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்.