பெயரில்லாத ஆறு ஒயர்கள்

காயில் கட்டி வந்த த்ரீ பேஸ் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது, ஒரே கறுப்பு நிறத்தில் ஆறு ஒயர்கள் எண் ஏதுமின்றிச் சுருண்டு கிடந்தன. கட்டியவரைக் கேட்டால், "ஜோடி பார்த்து ஸ்டாரில் போடுங்கள், ஓடும்" என்றார். ஜோடி பார்ப்பது, அதாவது ஒரே வைண்டிங்கின் (கம்பிச் சுருளின்) இரு முனைகளைக் கண்டுபிடிப்பது, ஐந்து நிமிட வேலைதான். மூன்று ஜோடிகளிலும் ஓம் ஒன்றுபோல் இருந்தது. மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாடிக்குக் கசிவும் இல்லை. ஸ்டார் இணைப்பில் மூன்று முடிவு முனைகளும் ஒன்றாகச் சேர வேண்டும்; ஒவ்வொரு ஜோடியிலும் தொடக்க முனை எது, முடிவு முனை எது என்பதில்தான் ஒரு நாள் போயிற்று.

ஒரு வைண்டிங்கை U என்று வைத்துக்கொண்டு, அதில் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத்தொட்டு எடுத்தபடி, மற்றொன்றில் டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதில் எழும் மின்துடிப்பு கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுவதால், ஒரு முறை பிளஸ், மறுமுறை மைனஸ் என்று அது காட்டியதில் பாதி நாள் வீணானது. முள் மீட்டரை இரவல் வாங்கிய பிறகே தெளிவு பிறந்தது. இணைக்கும் கணத்தில் முள் ஒரு பக்கமும், எடுக்கும் கணத்தில் மறுபக்கமும் துள்ளும். இணைக்கும் கணத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். எடுக்கும்போது வெறும் நுனியை விரலால் பிடித்திருந்தால் நன்றாகவே சுண்டும்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. பேட்டரியின் பிளஸ் தொடக்க முனையில் இருக்க, முள் முன்னால் போனால் மீட்டரின் சிவப்பு ஒயர் இருப்பதும் தொடக்கமே என்று, டிரான்ஸ்ஃபார்மர் பழக்கத்தில் மற்ற வைண்டிங்குகளான V, W இரண்டையும் குறித்துவிட்டேன். ஸ்டாரில் போட்டதும் மோட்டார் உறுமியதே தவிர வேகம் எடுக்கவில்லை. கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ்களின் கரண்டும் மூன்று விதமாக ஏறவே, உடனே நிறுத்திவிட்டேன். வைண்டிங்குகள் 120 டிகிரி தள்ளி இருப்பதால் இங்கே விதி தலைகீழ்: முள் முன்னால் போனால் சிவப்பு இருப்பது முடிவு முனை.

இரண்டு ஜோடிகளும் தவறு என்றால், U ஒன்றை மட்டும் திருப்பினாலே போதும் என்பது அப்போது உறைத்ததில் சிறு மகிழ்ச்சி. இம்முறை சப்ளை கொடுக்கும் முன், தொடக்கங்கள் மூன்றையும் ஒன்றாகவும் முடிவுகள் மூன்றையும் ஒன்றாகவும் சேர்த்து, இடையே அதே முள் மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து ஷாஃப்டைக் கையால் சுழற்றினேன். ரோட்டரில் (சுழலும் பகுதியில்) எஞ்சிய காந்தத்துக்கே, ஒரு ஜோடி தவறாக இருந்தாலும் முள் ஆடும் (பழைய இணைப்பில் ஆடியதையும் பார்த்துவிட்டேன்). இப்போது அசையவில்லை. சப்ளை கொடுத்ததும் மூன்று பேஸ்களிலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. எண் போட்ட ஸ்லீவ்களை மாட்டிய பிறகுதான் பெட்டியை மூடினேன்.