எண்ணூரில் உப்புத் துப்பும் இலைகள்

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரத்துக்கு ரூ.250 என்றார் ஆட்டோக்காரர். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து அதுவரை வந்த மின்சார ரயிலுக்கே சில்லறைக் காசுதான். பேரம் பேசினால், "இந்த வெயில்ல நடந்து பாருங்க சார், அப்ப தெரியும்" என்று சிரிக்கிறார். கடைசியில் ரூ.180க்கு இறங்கினார். அதுவும் அநியாயம். ஷேர் ஆட்டோ கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தியைப் (மாங்குரோவ்) பற்றிச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் இது. ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் மீனவர் குப்பங்கள், நடுவே கறுத்த சேற்றில் அலையாத்திப் புதர்கள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே மெழுகு பூசிய பச்சை, அடியில் சாம்பல் வெளுப்பு. வெயில் பட்ட இடத்தில் பொடிப்பொடியாக உப்பு. நாக்கில் வைக்கப் போனேன். சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெரியவர், "வாயில வைக்காதப்பா, பூரா சாம்பலு" என்று அதட்டினார்.

சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நன்னீர்ப் பாசிகளின் வழிவந்த முதல் தாவரங்கள் கரையேறின. தண்ணீருக்குள் இருந்தவரை கவலையில்லை. கரைக்கு வந்தால் காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்குத்தான் இந்த மெழுகுத் தோல். ஆனால் முழுசாக மூடிக்கொண்டால் கார்பன் டைஆக்சைடு உள்ளே வராது, சர்க்கரை செய்ய முடியாது. அதனால் இலைத்துளைகள். துளையைத் திறந்தாலோ நீராவி ஓடிவிடும். ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சாதாரணச் செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளைப் பறிகொடுக்கிறது. இந்தக் கொள்ளைக்கு ஆட்டோக்காரரே தேவலை!

அலையாத்தி பாடு இன்னும் மோசம். காலடியில் தண்ணீர், அத்தனையும் உப்பு. பெரும்பகுதி உப்பை வேரே தடுத்துவிடுகிறது. மீறி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. நான் பார்த்த பொடி அதுதான். இத்தனை பாடுபட்டு ஏற்றிய தண்ணீரில் கொஞ்சத்தைத்தான் இலை வெயிலின் சக்தியால் உடைக்கிறது. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் அந்தத் தண்ணீரிலிருந்து வருவது, கார்பன் டைஆக்சைடிலிருந்து அல்ல. பள்ளியில் இதை யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் நான் தாவரவியலைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்.

சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர்கள் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, உடம்பெல்லாம் நுண்ணிய துளைகளோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இங்கே படிந்ததே, அது இந்த வேர்களின் மூச்சையே அடைக்கிற வேலை. மீன் போச்சு, வலை போச்சு என்று செய்தி வந்தது. வேரைப் பற்றி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும் வழியில் கரும்புச்சாறு, ரூ.30. ஐஸ்தான் பாதி. கரும்பு கெட்டிக்காரச் செடி. பிடித்த கார்பனை உள்ளறைகளில் நெருக்கி வைத்துக்கொள்வதால், துளையை அதிகம் திறக்காமலே சர்க்கரை சேர்க்கும்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பொரித்த வெங்காயம், புளி, கையாலேயே பிசைந்து தருவார்கள். வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு அமிர்தம். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப், காசு கிடையாது. தண்டு என்கிறோமே தவிர அது பூக்காம்பு. குலைக்குத் தண்ணீரும் உணவும் போகிற பாதை. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

ஆட்டோ, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் ரூ.500 தாண்டவில்லை. போகிறவர்கள் தண்ணீர் வடிகிற நேரத்தைக் குப்பத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஏறிவிட்டால் மூச்சுவேர் ஒன்றுகூடத் தெரியாது.