களியக்காவிளை தாண்டிப் போகும் கணக்கு

2023 ஜூலை 3

கொரோனாவால் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் கூடியதா? ‘ஜமா நெட்வொர்க் ஓப்பன்’ மருத்துவ இதழில் மூன்று நாள் முன் வந்த தொகுப்பாய்வு: 42 ஆய்வுகள், 1,02,984 பிள்ளைகள். கொரோனாவின் முதல் ஆண்டில் டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும்) சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களின் விகிதம் முன்பிருந்ததைப்போல 1.14 மடங்கு, இரண்டாம் ஆண்டில் 1.27 மடங்கு. ஐரோப்பாவில் கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 3, 4 சதவீதம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கழித்துவிட்டு மீதியைப் பேச வேண்டும். மீதி இருக்கத்தான் செய்கிறது; வைரஸ் நேரே கணையத்தில் கைவைத்ததா என்பதற்கு மட்டும் இந்த எண்ணில் பதில் இல்லை.

2022 ஜனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சிடிசி வெளியிட்டதைப் பார்த்தால், கொரோனா வந்த பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வருவது வராத பிள்ளைகளைப்போல ஒரு தரவில் 2.66 மடங்கு, இன்னொன்றில் 1.31. டைப் 1, டைப் 2 இரண்டையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். பயமுறுத்தும் தலைப்புக்கு 2.66 போதும், முடிவு சொல்லப் போதாது.

ஜூலை 5

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். அதில் பிள்ளைகள் 4 லட்சம், லட்சத்துக்கு 5 பேருக்குப் புதிதாக வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 பிள்ளைகள். எந்தக் காரணமும் இல்லாமலே இது ஒரு வருஷம் 12 ஆகும், மறு வருஷம் 28 ஆகும். சின்ன எண்ணின் குணம் அது. 1.27 மடங்கு என்றால் 25 பிள்ளைகள்; இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது தெரியவே தெரியாது. “இந்த மாசம் வார்டில நாலு பேரு” என்பதை அலை என்று சொல்லிவிட முடியாது.

ஜூலை 6

நேற்றைய கணக்கில் ஒரு ஓட்டை. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தில் உடம்புக்கு முடியாத பிள்ளையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. அந்தப் பிள்ளை அங்கே எண்ணப்படும், நம் பதிவேட்டில் இருக்காது. 2020-ல் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்ட இ-பாஸ் கேட்ட மாதங்களில் அவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால், நோய் கூடாமலே இங்கே எண்ணிக்கை கூடியிருக்கும். விகிதம் போடுமுன் வீட்டு முகவரியைப் பார்க்க வேண்டும். சேர்ந்த தேதியை விட்டுவிட்டு நோய் கண்டறிந்த தேதியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு முறை சேர்ந்த பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும்.

ஜூலை 10

சந்தேகமில்லாமல் கூடியது, நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதம். ஜெர்மனியில் 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை புதிதாகக் கண்டறியப்பட்ட 532 பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிய ஆபத்தான நிலையில்தான் வந்தார்கள். முந்தைய ஆண்டு அதே நாட்களில் 24.5.

அந்த நிலையில் பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு எல்லாம் சேர்ந்து வரும். கொரோனா நாட்களில் மூச்சு வாங்குகிறது என்றாலே நெஞ்சைத்தான் பார்த்தார்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறது, ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது, நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை என்றால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். அறிகுறியோடு 200-க்கு மேல் என்றால் மறுநாள் வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று அனுப்பக்கூடாது; அன்றே பெரிய ஆஸ்பத்திரி. வாந்திக்கு என்று குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் நிலைமை இன்னும் கெடும். முதலில் போக வேண்டியது நார்மல் சலைன். அது ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட், மொத்தமாக ஊசியில் தள்ளுவதில்லை. அவசரப்பட்டால் மூளை வீங்கலாம்.

அதற்கு முன் வீட்டிலேயே தெரிவது: படுக்கை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைக்கும், ராத்திரி எழுந்து செம்புத் தண்ணீரைக் காலி செய்யும், முற்றத்தில் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். எறும்பைக் கவனிக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜூலை 11

விரலில் குத்துமுன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். ஏத்தன்பழமோ சக்கைப்பழமோ தின்ற கை என்றால் 110 இருக்கிற பிள்ளைக்கும் 250 காட்டிவிடும். ஈரம் இருந்தால் குறைத்துக் காட்டும்.

ஜூலை 13

பதிவேட்டில் இரண்டு கட்டம் கூட்டச் சொல்லலாம்: வீடு எந்தத் தாலுகா, வந்தபோது ரத்தத்தில் பைகார்பனேட் (அமிலம் ஏற ஏற இது குறையும்) எவ்வளவு. இருபது பேரில் எத்தனை பேர் அமிலம் ஏறி வந்தார்கள் என்பதற்கு மக்கள்தொகை எண் தேவைப்படாது. அதைக் குறைக்க நம்மால் முடியும்; 1.27-ஐ ஒன்றும் செய்ய முடியாது.