தமிழ்த் தளத்துக்கு வாசகர் ஏன் வருவதில்லை: ஒரு கோலாலம்பூர்க் கணக்கு

ஞாயிறு பதிப்புக்கு ஒரு கட்டுரை, நடுவில் ஏதோ நிறுவனத்தின் கையேட்டை மலாயிலிருந்து தமிழாக்கும் வேலை, இரவில் சொந்தத் தளத்தில் ஒரு பதிவு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஃப்ரீலான்ஸாகத் தமிழில் எழுதுகிறவர்களின் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும். மூன்றில் காசு தராதது கடைசி. அதை யாரும் படிப்பதும் இல்லை என்ற குறை, இரண்டு எழுத்தாளர்கள் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தால் கட்டாயம் வரும். "நம்ம ஆளுங்க எங்க படிக்கிறாங்க" என்ற தீர்ப்பும் கூடவே வரும். படிக்கிற ஆள் இருக்கிறார். அவருடைய கைப்பேசிக்கும் உங்கள் கட்டுரைக்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரின் புள்ளிவிவரப் பக்கத்தை நம்பிச் சந்தோஷப்படுவதும் சோர்வதும் வீண். உங்கள் சொந்தப் பார்வைகளைச் சேர்க்காதிருக்கும் தேர்வு அதிலேயே இருக்கிறது. அதைப் போடாவிட்டால் பிழை திருத்த நீங்கள் பத்து முறை திறந்ததும் பத்து வாசகராகும். ஒரே இரவில் தெரியாத நாட்டிலிருந்து நானூறு பார்வை வந்தால் அது பெரும்பாலும் தானாக ஓடும் எந்திரம், மனித வாசகர் அல்ல. கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு வரை காட்டும். பதிந்த நாளிலிருந்துதான் கணக்கு சேரத் தொடங்கும் என்பதால் இன்றே பதிவது நல்லது.

அடுத்தது முகவரி. தமிழ்த் தளங்கள் அதிகம் அடிபடும் இடம் இது, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தலைப்பைத் தமிழில் எழுதி வெளியிட்டால், பிளாகர் அந்தப் பக்கத்துக்குத் தானாக ஒரு முகவரி கொடுக்கும். அதற்குத் தமிழ் எழுத்து ஆகாது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்பதன் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து வைத்துவிடும். முந்நூறு கட்டுரை எழுதிய தளத்தில் முந்நூறுக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு. தேடுபொறிக்கும் வாசகருக்கும் முகவரி தர வேண்டிய துப்பு வீணாகிறது.

தளம் நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸில் சிக்கல் எதிர்ப்புறம். அது தமிழை அப்படியே ஏற்கும், உலாவியில் பார்க்க அழகாகவும் இருக்கும். அதை நகலெடுத்து வாட்சாப்பில் ஒட்டினால்தான் வினை தெரியும். இணையத்தில் புழங்கும் யூனிகோடு வடிவில் (யூ.டி.எஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆகவே ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. 'தைப்பூசம்' என்ற ஒரு சொல்லில் ஒன்பது குறி, முகவரியில் அது 81 எழுத்து. குடும்பக் குழுவில் ஐந்து வரிக்குச் சதவீதக் குறிகளாக வந்து விழும் இணைப்பைப் பார்த்ததும் அத்தைக்கு வைரஸ் பயம் வந்துவிடும். தொடமாட்டார். அதோடு, வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ஒன்பதால் வகுத்தால் 22 குறி. அதற்கு மேல் உள்ளது சொல்லின் நடுவிலேயே வெட்டுப்படும்.

தீர்வு எளிது. வெளியிடும் முன்பே நிரந்தர இணைப்பு என்ற பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லை இடைக்கோடு போட்டு நீங்களே எழுதுங்கள். பினாங்கு, தைப்பூசம், ரதம், பாதை என்று இருந்தால் போதும். ஆண்டைச் சேர்க்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. பழைய கட்டுரைகளைப் பிளாகரில் மாற்ற, பதிவை வரைவுக்குத் திருப்பி, முகவரியை மாற்றி, மறுபடி வெளியிட வேண்டும். பிறகு அமைப்புகளில் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திசைமாற்றம் போட வேண்டும். இதை விட்டால் ஏற்கெனவே எங்கெங்கோ பகிரப்பட்ட இணைப்பெல்லாம் செத்துப்போகும். வேர்ட்பிரஸ் திசைமாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். முந்நூறையும் மாற்ற உட்காராதீர்கள். சர்ச் கன்சோலில் கொஞ்சமாவது தலைகாட்டும் இருபதை மாற்றினால் போதும்.

எழுத்துருவும் ஒரு வார்த்தை. பத்திரிகைகளுக்கு நெடுநாள் எழுதியவர்களிடம் பழைய குறியீட்டில் தட்டிய கோப்புகள் நிறைய இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடுபொறிக்கும் அப்படித்தான். யூனிகோடு மாற்றி வழியாக ஓட்டிவிட்டுத் தளத்தில் போடுங்கள். ஓட்டிய பின் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் சொற்களைக் கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் தடுமாறுவது அங்கேதான். முரசு அஞ்சலும் செல்லினமும் உருவானது இந்த ஊரில். தமிழைக் கைப்பேசியில் கொண்டுவந்த மண்ணிலிருந்து இன்னும் பழைய எழுத்துருவில் தட்டுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதிப் படமாக மட்டும் போடுகிறவர்களும் இதில் சேர்த்தி. படத்துக்குள் இருக்கும் கவிதையைத் தேடி யாரும் வந்துசேர முடியாது. கீழே எழுத்தாகவும் போடுங்கள்.

வழி சரியானது என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? எழுத்தாளரின் பெயரைத் தேடி வருகிறவர்கள் எப்போதும் கைவிரல் எண்ணிக்கைதான். மற்றவர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள், நம் ஊரில் அந்தக் கேள்வி மூன்று மொழியில் கலந்து வரும். அரசு உதவித்தொகையைத் தேடுகிறவர் 'ரஹ்மா ரொக்க உதவி' என்று தட்டுவதில்லை, 'எஸ்.டி.ஆர்.' என்றுதான் தட்டுவார். வருமான வரிப் படிவத்தை 'போரங் பி' என்றுதான் கேட்பார். நீங்கள் தூய தமிழாக்கத்தை மட்டும் வைத்து எழுதினால் அவருக்கு அகப்படமாட்டீர்கள். மக்கள் வாயில் புழங்கும் பெயரைத் தலைப்பில் வையுங்கள், தமிழாக்கத்தை உள்ளே சொல்லுங்கள். தலைப்பின் முதல் நான்கு சொல்லுக்குள் முக்கியச் சொல் வந்துவிட வேண்டும். தமிழ் எழுத்து அகலம் அதிகம் என்பதால் தேடல் முடிவில் தலைப்பு ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். "ஓர் அனுபவப் பகிர்வு", "சில சிந்தனைகள்" என்று தொடங்கும் தலைப்பு, உள்ளே என்ன என்று சொல்வதற்குள் முடிந்துபோகும்.

எதைப் பற்றி எழுதுவது? தமிழ்நாட்டில் ஆயிரம் பேர் எழுதிவிட்டதை இங்கிருந்து ஆயிரத்தோராவதாக எழுதினால் பின்வரிசைதான். இங்கே இருப்பவர் மட்டுமே சரியாக எழுதக்கூடியது நிறைய இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாளான செட்டிப்பூசத்தன்று பினாங்கில் வெள்ளி ரதம் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வரும், தங்க ரதம் எப்போது புறப்படும், தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏற முடியாத முதியவரை எப்படி அழைத்துப் போவது, பத்துமலைக்குக் காரை விட்டுவிட்டுக் கொமியூட்டர் ரயிலில் போனால் எங்கே இறங்குவது. நாளிதழ் இதைச் செய்தியாக ஒருநாள் போடும், மறுநாள் காணாது. உங்கள் பக்கம் நிற்கும்.

நிற்க வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிவு போடாதீர்கள். தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. முகவரியில் ஆண்டு இருந்தால் மறு ஆண்டே பக்கம் பழசாகிவிடும். இல்லையென்றால் அதே பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் மாற்றி, மேலே "புதுப்பித்த நாள்" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். பழைய இணைப்புகளின் பலம் முழுக்க அதே பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகும். திருத்தத்தை விழாவுக்கு ஆறு வாரம் முன்பே செய்யுங்கள். முதல் நாள் இரவு போட்டால் கூகுள் வந்து பார்ப்பதற்குள் காவடி இறங்கிவிடும்.

தமிழ்நாட்டு வாசகரும் வருவார், ஆனால் வேறு கேள்வியோடு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா வர முடிகிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய இணையவழி வருகை அட்டை, கேஎல் சென்ட்ரலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடக்கும் வழி, சைவச் சாப்பாடு என்று அவருக்கு வேண்டியதைச் சுத்தமாக எழுதியவர் குறைவு. அவருக்கு எழுதும்போது 'வெள்ளி' என்று பணத்தைச் சொல்லாதீர்கள், ரிங்கிட் என்று எழுதுங்கள். நமக்குப் பழகியது அவரைக் குழப்பும்.

இன்னொரு பெரிய கூட்டம் பள்ளியைச் சுற்றி இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஆண்டு 5 பயிற்சி, இடைநிலைப்பள்ளி படிவம் 5 வாதக் கட்டுரை, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் தமிழ் இலக்கியக் குறிப்பு என்று எதைப் போட்டாலும் ஆசிரியர்களும் பெற்றோரும் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனால் பதிவிறக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், உங்கள் சிறுகதைப் பக்கம் திரும்பமாட்டார்கள். எழுத்தைக் கொண்டு வேலை பிடிக்க நினைப்பவர் இந்த எண்ணிக்கையில் மயங்கித் தளத்தைப் பயிற்சித்தாள் கிடங்காக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. கற்பிக்கும் நூல் எழுதுகிறவர் என்றால் கதை வேறு, அவருக்கு அதுவே வாடிக்கையாளர் கூட்டம்.

இனி வாட்சாப். நம் வாசிப்பில் பாதி அங்கேதான் நடக்கிறது, திருட்டும் அங்கேதான். முழுக் கட்டுரையையும் ஒட்டி அனுப்பினால் அது பத்துக் குழுவுக்குப் போகும், உங்கள் தளத்துக்கு ஒருவரும் வரமாட்டார், மூன்றாவது கைமாற்றில் உங்கள் பெயரும் உதிர்ந்துவிடும். மூன்று வரியும் இணைப்பும் மட்டும் போடுங்கள். அந்த மூன்று வரி முன்னுரையாக இருக்கக் கூடாது, கட்டுரையின் மிகப் பயனுள்ள தகவலாக இருக்கட்டும். யாராவது முழுவதையும் நகலெடுக்கத்தான் செய்வார்கள். அதனால் தளத்தின் பெயரைக் கட்டுரையின் நடுவில் ஒரு வாக்கியத்துக்குள் எங்காவது பொதிந்து வையுங்கள். வெட்டுகிறவர்கள் அடியைத்தான் வெட்டுவார்கள், நடுவைப் படிப்பதில்லை.

இணைப்பை ஒட்டியதும் அனுப்பாதீர்கள். படமும் தலைப்பும் கொண்ட முன்னோட்டம் உங்கள் கைப்பேசியில்தான் உருவாகிறது. அது தோன்ற இரண்டு மூன்று விநாடி காத்திருந்து அனுப்பினால் எதிர்ப்பக்கம் அட்டையாகத் தெரியும், அவசரப்பட்டால் வெறும் முகவரி. படம் வரவே இல்லையென்றால் பெரும்பாலும் கோப்பு கனம். 600 கிலோபைட்டுக்குள், 300 பிக்சலுக்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். ஃபேஸ்புக்குக்கும் சேர்த்து 1200-க்கு 630 என்ற அளவில் ஒரே படம் செய்துகொள்வது வசதி. கைப்பேசிக் கேமராவிலிருந்து நேரே ஏற்றும் படம் நாலைந்து மெகாபைட் இருக்கும், முன்னோட்டமும் வராது, பக்கமும் திறக்காது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்சாப் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். "அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை" என்ற புலம்பலில் பாதிக்கு விளக்கம் இதுவே. முன்பின் தெரியாதவர்களுக்கு 2023-இல் வந்த சேனல் வசதி மேல், அவர்களுடைய எண்ணும் உங்களுக்குத் தெரியாது, உங்களுடையதும் அவர்களுக்குத் தெரியாது. நேரம்: இங்கே இரவு ஒன்பதரை என்றால் சென்னையில் ஏழு. இரண்டு ஊரும் கைப்பேசியோடு உட்காரும் வேளை அது.

மின்னஞ்சல் பட்டியல் தமிழில் மெதுவாகத்தான் வளரும், இருந்தாலும் வைத்திருங்கள். பழைய பிளாகர் தளங்களில் இன்னும் தொங்கும் "மின்னஞ்சலில் பெற" பெட்டியை மட்டும் கழற்றிவிடுங்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னாலிருந்த கூகுளின் ஃபீட்பர்னர் அந்தச் சேவையை 2021-இலேயே நிறுத்திவிட்டது. அதில் முகவரி கொடுப்பவர் வராத கடிதத்துக்குக் காத்திருக்கிறார்.

அச்சிலிருந்தும் ஆள் வருவார். ஞாயிறு பதிப்புக்குக் கட்டுரை அனுப்பும்போதே, பெயருக்குக் கீழே குறுகிய தள முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள். ஆசிரியர் வெட்டலாம், கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. சொந்தமாக வாங்கிய தளப் பெயர், அதாவது டொமைன், இதற்குத்தான் வேண்டும். நீண்ட இலவச முகவரியைத் தாளில் பார்த்து யாரும் தட்டமாட்டார்கள். கோலாலம்பூரின் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நூல் வெளியீடு என்றால் அழைப்பிதழிலோ நூலின் பின்னட்டையிலோ கியூஆர் குறி போடலாம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் பிடிக்காது. அது முகப்புப் பக்கத்துக்குப் போகக் கூடாது, அந்த நூலைப் பற்றிய பக்கத்துக்கே போக வேண்டும்.

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் சர்ச் கன்சோலுக்கு ஒதுக்குங்கள். எட்டாம் இடத்திலிருந்து இருபதாம் இடம் வரை நிற்கும் தேடல்களை மட்டும் பாருங்கள். ஆயிரம் முறை காட்டப்பட்டு எட்டுப் பேர் வந்திருந்தால், அந்தக் கேள்விக்கு உங்கள் கட்டுரை ஓரமாகத்தான் பதில் சொல்கிறது என்று பொருள். அந்தச் சொல்லையே உள்தலைப்பாக வைத்து இரண்டு பத்தி சேருங்கள், உங்கள் வேறு இரண்டு கட்டுரைகளிலிருந்து இதற்கு இணைப்புக் கொடுங்கள், பக்கத்தை மறுபடி வந்து பார்த்து அட்டவணையில் சேர்க்கும்படி கூகுளுக்குக் கோரிக்கை போடுங்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் போதும், தினமும் பார்த்தால் எழுத நேரம் இருக்காது. 'கோலாலம்பூர்' என்று நீங்கள் எழுத, வாசகர் 'கேஎல்' என்று தேடுவதும் இங்கேதான் தெரியவரும். இரண்டையும் உரையில் இயல்பாக ஓரிடத்தில் வையுங்கள், பத்து முறை திணிக்க வேண்டாம்.

கடைசியாக, வந்தவரில் ஒருவர் வேலை கொடுக்கக்கூடியவராக இருந்தால் அவர் தேடுவது "என்னைப் பற்றி" பக்கத்தை. அங்கே பலரும் பிறந்த ஊரும் வாங்கிய பரிசும் எழுதி வைத்திருக்கிறார்கள். மலாயிலிருந்து தமிழுக்கா, ஆங்கிலத்திலிருந்தா, ஒரு பக்கத்துக்கு எத்தனை நாள், மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பதிவு உண்டா, பில் தர முடியுமா என்பதுதான் அவருக்கு வேண்டியது. பதிவுக் கட்டணம் சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. வேலை கொடுக்கிறவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம், அதனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள். தொடர்புப் படிவத்தில் வேறொரு கைப்பேசியிலிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறதா என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.