பெயர் வரவில்லையா, பொருளே தெரியவில்லையா?

பக்கவாதத்துக்குப் பிறகு மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருபவர்களைப் பரிசோதிப்பது என் வேலை. சாவி, சீப்பு, கத்தரிக்கோல் என்று படங்களைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பேன். பதில் வராவிட்டால் உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாது. வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிலருக்குப் பெயர் மட்டும் நாக்கில் வராது. கத்தரிக்கோல் படத்தைப் பார்த்ததும் இரண்டு விரலை வெட்டுவது போல ஆட்டிக் காட்டுவார்கள். பொருள் தெரிகிறது, சொல்தான் சிக்கவில்லை. ஆனால் ஒருவர் சாவிப் படத்தைப் பார்த்து வளையம், தண்டு, பல் எல்லாம் பிசகாமல் வரைந்து கொடுத்துவிட்டு, "ஏதோ நீளமா இருக்கு, ஓரத்துல வெட்டு வெட்டா..." என்று இழுத்தார். நிஜச் சாவியைக் கையில் கொடுத்தேன். விரலால் தடவிய மறுகணம் "சாவிங்க!" என்றார்.

கண்ணிலிருந்து வரும் செய்தி முதலில் மூளையின் பின்பக்கம் போகிறது. கோடு, விளிம்பு, நிறமெல்லாம் அங்கே பிரிபடும். அப்புறம் காதுக்கு உட்பக்கமுள்ள டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியின் அடிப்புறம் வழியாக முன்னோக்கி நகரும்போதுதான் 'இது இன்னது' என்பது தெளிவாகிறது. அந்த வழியில் அடிபட்டால் கண் தெரியும், அடையாளம் தெரியாது. உருவத்தைச் சேர்த்துப் பார்ப்பது வேறு, அதன் பொருளை அறிவது வேறு என்று லிசாவர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890-லேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில், நோயாளியைப் பொறுமையாகக் கவனித்தே இதைக் கண்டுகொண்டார் என்பதில் எனக்குத் தீராத மரியாதை.

முகம் தெரியாமல் போவதுதான் வீட்டாரை உடைத்துப்போடுகிறது. மனைவி எதிரில் வந்து நின்றால் நோயாளி யாரோ என்று பார்ப்பார். மனைவி பேசினதும் அவர் முகம் மலரும். முகங்களைப் பார்க்கும்போது அதிகமாக வேலை செய்யும் ஒரு பகுதி இந்த லோபின் அடியில், ஃபியூசிஃபார்ம் மடிப்பில் இருப்பதை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரின் குழு 1997-ல் காட்டியது. குரலைப் பிரித்தறியும் பகுதிகள் மேற்பக்கம் இருக்கின்றன. கீழே பழுதானாலும் மேலே தப்பிக்கலாம். "என்னையே மறந்துட்டாரு" என்று அழுபவர்களிடம், மறக்கவில்லை, முகம் என்ற வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும். அறைக்குள் வரும்போதே குரல் கொடுங்கள் என்பதுதான் நான் தரும் முதல் பயிற்சி.

லோபின் முன்முனை தேய்ந்துகொண்டே வரும் நோயில் இந்த யோசனை பலிக்காது. அங்கே பொருளின் அறிவே கரைவதால் தொட்டாலும் கேட்டாலும் தெரியாது. அவர்களுக்குத் தினமும் புழங்கும் பொருட்களை, வழக்கமான இடத்திலேயே வைத்துப் பழக்குகிறோம்.