வாடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பைண்டிங் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கணக்குப் பேரேடு, ரசீதுப் புத்தகம், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், இவைதான் அன்றாட வேலை. மைதாப் பசை காய்ச்சுவது, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவது, அட்டைக்குக் காலிகோத் துணி ஒட்டுவது எல்லாம் அங்கே கற்றதுதான். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன அறையில் கலைப்புத்தகம் செய்கிறேன். ஓவியங்களைப் பற்றிய புத்தகமா என்று கேட்பார்கள். புத்தகமே படைப்பு என்பேன். எந்தத் தாள், எப்படி மடிப்பு, ஒரு பக்கத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எல்லாமே சொல்ல வந்த விஷயத்தில் சேர்த்தி.

இந்த ஊரில் இதற்கு முன்னோடி உண்டு. பாரதி 1908இல் புதுச்சேரி வந்தபின் ‘இந்தியா’ இதழ் இங்கிருந்து வெளிவந்தது, அதில் பிரிட்டிஷ் ஆட்சியை விமர்சிக்கும் கருத்துப்படங்களைப் போட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் படம் புரியும், அதனால்தான் அரசுக்கு அந்தப் பயம். 1910இல் இதழ் நின்றே போனது.

கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 வாக்கில் ஒரு காரியம் செய்தார்கள். வாளிக்குள் பை வைத்து, காற்றைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எப்போது என்ன நாற்றம் வந்தது என்று குறித்தும் வைத்தார்கள். அழுகின முட்டை, நகப்பாலிஷ் என்று மூக்குக்குத் தெரிந்த பெயரில். மூக்கையே சாட்சியாக்கியது என்னை விடவே இல்லை. அதே வட்டாரத்தில் ஒரு அக்கா அப்படி எழுதிப் பார்க்கச் சம்மதித்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் 31 நாள். நேரம், காற்று, நாற்றம், அவ்வளவுதான். காற்றுக்குக் கடற்கரைப் பெயர்கள்: கொண்டல், கச்சான், சோழகம், வாடை. இதில் வாடை என்பது காற்றா நாற்றமா என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. புத்தகத்துக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன்.

விசிறி மடிப்பில் செய்தேன், ஒரு மடிப்புக்கு ஒரு நாள். மடிப்பு அரை அடி, விரித்தால் 15½ அடி. பருத்திக் கந்தலில் செய்த கைத்தாள், அது மடிப்பில் லேசில் விட்டுப்போகாது. அக்காவின் கையெழுத்தை அப்படியே பிரதியெடுத்து ஒட்டி, மேலே காற்று வந்த திசைக்கு நூலால் தையல் போட்டேன். நோட்டில் ஐந்து நாள் ஒன்றுமே எழுதவில்லை. அந்த ஐந்து மடிப்பையும் வெறுமையாக விட்டேன், பார்ப்பவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கட்டும் என்று. முழுப் புத்தகத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடந்தான்.

புதுச்சேரியில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நாலு மடிப்பு மட்டும் தெரிய விரித்து, எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வெள்ளைக் கையுறை. எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை, அது என் தப்பு. எட் ருஷே என்ற அமெரிக்க ஓவியர் 1963இல் பெட்ரோல் பங்குகளின் போட்டோக்களை மட்டும் வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டு, மூன்றரை டாலருக்கு விற்றார். கைக்குக் கை போகவேண்டிய பொருள் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. நான் ஒரே பிரதி செய்து அதையும் பூட்டக் கொடுத்திருந்தேன்.

கண்காட்சி முடிந்ததும் பெட்டியில்லாமல் கொண்டுபோய் அக்கா வீட்டுத் திண்ணையில் விரித்தேன். திண்ணை போதாமல் வாசல்வரை வந்தது. அவர் ஒவ்வொரு மடிப்பாகப் படித்துக்கொண்டே நகர்ந்தார். வெற்று மடிப்பு வந்ததும் நின்றார்.

“இது ஏம்மா சும்மா கெடக்கு?”

“அன்னிக்கு நாத்தம் இல்லல்ல அக்கா, அதான்.”

“யார் சொன்னா? அன்னிக்கு நான் பண்ருட்டிப் பக்கம் கொட்ட ஒடைக்கப் போயிட்டேன். எழுத ஆள் இல்ல.”

முந்திரிக்கொட்டை உடைக்கிற கை அது. ஓட்டு எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்துப் போயிருந்தது. பேசிக்கொண்டே விரலால் அந்த ஐந்து மடிப்பையும் தட்டித் தட்டிக் காட்டினார். தாளில் பழுப்பாக ரேகை விழுந்தது. பிறகு அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, கறையாயிடுச்சே, சோப்பு போட்டுத் தொடைச்சா போவுமா?” என்றார். வேண்டாம் அக்கா, இருக்கட்டும் என்றேன்.

அடுத்து ஐம்பது பிரதி ஜெராக்ஸ் தாளில் போட்டேன், விலை நாற்பது ரூபாய். ஐந்து மடிப்பு அதிலும் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் “எழுத ஆள் இல்லை” என்று அக்கா கையெழுத்தில் ஒரு வரி. கைத்தாளில் செய்த முதல் பிரதி இப்போது அக்கா வீட்டு அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் மடிப்பைக் கிழித்திருந்தான். பசை காய்ச்சி எடுத்துப் போய் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.