கேட்காத அட்வான்ஸ்

"லோடு நமக்கு வேண்டாம் அண்ணாச்சி. இந்த வருஷம் இங்க ஓணம் கெடையாது" என்றார் போனில், திருவனந்தபுரம் சாலை பஜாரில் பூக்கடை வைத்திருப்பவர்.

"லோடு ஏறியாச்சு. அட்வான்ஸ் திருப்பித் தர முடியாது, பாத்துக்கிடுங்க" என்றேன் நான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அட்வான்ஸ நான் கேட்டனா அண்ணாச்சி?" என்றார். போனை வைத்துவிட்டார்.

2018 ஆகஸ்ட். கேரளம் வெள்ளத்தில் கிடந்தது. அரசே ஓணக் கொண்டாட்டத்தை ரத்து செய்துவிட்டது. திருவோணம் 25-ம் தேதி. தோவாளையில் பூ மண்டி நடத்துகிறவனுக்கு ஓணத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கித் திருவோணம் வரை உள்ள நாட்கள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வருஷம் முழுக்க வாங்கிய கடனை அதில்தான் அடைப்போம்.

என் பேச்சில் நியாயம் இருந்தது. பிச்சியும் அரளியும் நம் பக்கத்திலேயே கிடைக்கும். அத்தப்பூ என்கிற ஓணப் பூக்கோலத்துக்கு வேண்டிய அளவு கேந்திக்கு, அதாவது செண்டுமல்லிக்கு, ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம்தான் போக வேண்டும். விவசாயிக்கு முன்பணம், பறிகூலி, லாரி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் பூ கண்ணில் படும் முன்னே கையைவிட்டுப் போய்விடும். திருவனந்தபுரம் சாலை பஜார்க் கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கி ஓணம் கழிந்துதான் வரும். சில கணக்கு தீபாவளி வரை இழுக்கும். இடைப்பட்ட காலத்தை வட்டிக்காசுதான் ஓட்டுகிறது. 2021-ல் மொத்த வியாபாரிகளையும் சிறுதொழில் பட்டியலில் சேர்த்தார்கள். அது வங்கிக் கடனுக்கு மட்டும். சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு எங்களுக்கு இன்றும் கிடையாது. அட்வான்ஸ் ஒன்றுதான் எங்களுக்குள்ள பிடி. அதையும் விட்டுவிட்டு எதை வைத்துத் தொழில் செய்ய?

லோடு மறுநாள் வெள்ளனே வந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். தணிந்த அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரு சூடு. ஈரத்தோடு பறித்த கேந்தி சாக்குக்குள் வெந்துவிடும். மேலே கிடப்பது பார்க்க நன்றாகவே இருக்கும். நடுவில் உள்ளது காம்புப் பக்கம் கறுத்து, எடுத்தால் இதழ் இதழாக உதிரும், புளித்த வாடை வேறு. மாலை கட்டுகிறவர்களுக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். மிச்சம் தென்னந்தோப்புக்கு உரமாகப் போயிற்று. அவருடைய அட்வான்ஸ் லாரி வாடகைக்குக்கூடப் போதவில்லை.

அவருடைய மகளைச் செங்கன்னூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். போன் வந்த அன்று அந்த வீட்டில் தண்ணீர் ஏறியிருந்தது என்று பிறகு அவர் கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். அந்த நிலைமையிலும் அவர் என்னைக் கூப்பிட்டது, லாரி வீணாகச் சாலை பஜார் வரைக்கும் வந்து எனக்குக் கூடுதல் வாடகை ஆகிவிடக் கூடாது என்றுதானாம். எனக்கு எப்படித் தெரியும்? அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று கேரளத்தில் எந்த வீட்டைப் பற்றி விசாரித்திருந்தாலும் பொருந்தியிருக்கும். அட்வான்ஸைத் தரமாட்டேன் என்றது நியாயம்தான். அவர் வாய் திறக்கும் முன்னே அது ஏன் என் நாக்கில் தயாராக நின்றது? இந்த இடத்தில்தான் யோசனை நின்றுபோகிறது.

"அவரும் நஷ்டப்பட்டாரு, நீங்களும் நஷ்டப்பட்டிய. இதுல யாரு யாருக்குத் தீர்ப்பு சொல்லதுக்கு?" என்கிறாள் வீட்டில். அவள் சொல்வது சரி. அவர் இன்றும் என்னிடம்தான் பூ எடுக்கிறார். அட்வான்ஸ் பேச்சே இல்லை, அன்றன்றைக்குப் பணம் வந்துவிடும். கணக்குப்படி பார்த்தால் அவரைவிட நல்ல வாடிக்கையாளர் எனக்கு இல்லை. ரேட் என்ன, எத்தனை கிலோ, இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

2024-ல் வயநாட்டில் மண் சரிந்தது. அரசு மறுபடியும் ஓணம் வாரக் கொண்டாட்டத்தை நிறுத்தியது. நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் ஆர்டரைக் குறைத்தார். அவர் கேட்காமலே பாதி அட்வான்ஸைத் திருப்பி அனுப்பினேன். நல்லது அண்ணாச்சி என்றார். அதே பணத்தோடு அந்த வாரமே வேறொரு மண்டியில் விலை குறைவாகக் கேந்தி எடுத்தார். அதில் தப்பு ஒன்றுமில்லை, வியாபாரம்தானே என்று எல்லாரிடமும் சொன்னேன். மனசுக்குள் கொதித்தது. முன்னவரிடம் பட்ட கடனை இவரிடம் தீர்த்தால் கணக்கு நேராகுமா?

இப்போது கேரளத்திலேயே குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் ஓணத்துக்கென்று கேந்தி போடுகிறார்கள். பாறசாலை தாண்டினால் தோட்டங்கள் கண்ணில் படுகின்றன. நாள் போகப்போக அட்வான்ஸ் தருகிறவர்களே குறைவார்கள். அதற்குள் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: 'அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது.' அச்சில் இருந்திருந்தால் அன்று நான் வாயே திறந்திருக்க வேண்டாம். அதனால் புது ரசீதுப் புத்தகம் அடித்தாயிற்று, எல்லாருக்கும் அதில்தான் எழுதுகிறேன். சாலைக்காரருக்கு மட்டும் பழையபடி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.